அக்கா நிக்கிற ஸ்டாப்

திருச்சியில் இலையுதிர்காலம் கிடையாது. வெயில் அடிக்கிற காலம் ஒன்று, வெயில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடிக்கிற காலம் ஒன்று, நடுவில் மழை வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்று இரண்டரைக் காலங்களை வைத்துக்கொண்டு அந்த ஊர் சௌகரியமாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு புகைப்படச் சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஒரு தலைவர், அவருக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை வந்து, இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு ‘இலையுதிர்காலம்’ என்று அறிவித்துவிட்டார். அன்று சாயங்காலம் குஞ்சிதபாதம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், “செண்பகம், மலைக்குப் போறோம்,” என்றார். செண்பகவல்லிக்கு அப்போதே கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

குஞ்சிதபாதம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்ல வாய்ப்பு வராது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, யார் வம்புக்கும் போகாத மனிதர். காமிரா ஒன்றுதான். கையில் அது வந்துவிட்டால் அவர் வாயில் மூன்றே பேச்சு: நில்லு, அசையாதே, வெளிச்சம் வரட்டும். கல்யாணமான மறுநாள் கிணற்றடியில் செண்பகத்தை நிற்கவைத்தவர், அப்புறம் ராமேஸ்வரத்தில் நிற்கவைத்தார், கல்லணையில் நிற்கவைத்தார், மகள் நித்திலாவுக்குப் பெயர் வைத்த அன்று பிள்ளையைக் கையில் கொடுத்து, கை மரத்துப்போய், பந்தியில் சோறு ஆறிப்போய், வந்த சொந்தக்காரர்களெல்லாம் கிளம்பிப் போகும்வரை நிற்கவைத்தார். வெளிச்சம் என்பது அவர் கணக்கில் எப்போதும் இன்னும் ஒரு நிமிஷத்தில் வரப்போவது. வீட்டில் அலமாரி கொள்ளாத ஆல்பங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் செண்பகம் இருந்தாள், எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரே முகம்தான், எப்போது முடியும் என்று காத்திருக்கிற முகம். குஞ்சிதபாதம் ஒரு படத்திலும் இல்லை. காமிராவை வேறு யார் கையிலாவது கொடுத்தால்தானே.

ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிற உத்தியோகம் அவளுக்கு. உட்கார்ந்து பார்க்கிற வேலையைக் கொடுத்த கடவுள், நிற்கவைத்தே தீருகிற புருஷனையும் கொடுத்து நேர் செய்துவிட்டார் என்று சக ஊழியர்களிடம் அடிக்கடி சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

ஆயுத பூஜை விடுமுறையில் கிளம்பினார்கள். மலை ஏறத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் கார் நின்றது, ஒவ்வொரு தடவையும் செண்பகம் இறங்கினாள், நின்றாள், ஏறினாள். காலேஜ் படிக்கிற நித்திலா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் படுத்தவள், தனக்குத் தலைசுற்றல் என்று ஆரம்பத்திலேயே சொல்லித் தப்பித்துக்கொண்டாள். அந்தச் சாமர்த்தியம் தனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தபடியே செண்பகம் ஏறி இறங்கினாள். அப்படியே கொடைக்கானலைத் தாண்டி, சவுக்குக் காட்டைத் தாண்டி, பஸ் போகிற கடைசி ஊரான கூதக்காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊருக்குள் நுழைகிற வளைவில் ஒரு மரம் நின்றது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை நட்டுவிட்டுப் போன மரம், அதனால் துரைமரம் என்றே பெயர். மலை முழுக்கப் பச்சையாக இருக்க, அது மட்டும் உச்சி முதல் அடி வரைக்கும் மிளகாய்ப்பழச் சிவப்பில் நின்றது.

“இதுதான்,” என்றார் குஞ்சிதபாதம். “செண்பகம், மரத்தடியில போய் நில்லு. அசையாதே.”

அவள் போய் நின்றாள். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு பொங்கின பால் மாதிரி மேலே வந்து மரத்தை மூடியது. “வெளிச்சம் வரட்டும்,” என்றார். மஞ்சு போனது, வெயில் வந்தது, அது ரொம்பக் கடுமையான வெயில் என்றார். வெயில் தணிந்தது, குறுக்கே ஒரு மாடு வந்தது. மாடு போனது, மறுபடி மஞ்சு வந்தது. செண்பகத்துக்கு உள்ளங்காலில் குறுகுறுவென்றது.

“ஏங்க, கால்ல என்னமோ பண்ணுது.”

“அசையாதே.”

“ஏங்க, வேர் விட்டிருச்சுங்க.”

“ஒரே நிமிஷம். வெளிச்சம் வந்துட்டே இருக்கு.”

நித்திலாதான் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். பயணத்துக்கென்று வாங்கின புதுச் செருப்பைத் துளைத்துக்கொண்டு, முளைவிட்ட பூண்டில் இருக்குமே அதுபோல் வெள்ளையாகப் பொடிப்பொடி வேர்கள், இரண்டு காலிலிருந்தும் மண்ணுக்குள் போயிருந்தன. “ஆமாம்மா, ரெண்டுலயும் விட்டிருக்கு,” என்று சொல்லிவிட்டு லேசாக இழுத்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வலித்தது. செண்பகம் போட்ட சத்தத்தில் டீக்கடையிலிருந்து ஒரு அம்மாள் கையில் கிளாஸோடு வெளியே வந்தாள். அவள் பெயர் பேச்சியக்கா.

“நிக்க வெச்சுப்புட்டாரா?” என்று ரொம்ப நாள் பழகினவள் போலக் கேட்டுக்கொண்டே வந்தாள். “மொதல்ல இந்த டீயக் குடிங்க. வேரு விட்டா ஒடம்பு நடுங்கும்.”

பதறுகிற ஆளாக அவள் தெரியவில்லை. மழை வருமா வராதா என்று சொல்வதைப்போலச் சொன்னாள். “இந்த மண்ணு அப்பிடித்தேன். எல செவக்கிற மாசத்துல ஒருத்தர ஒருத்தர் நில்லுன்னு சொல்லி ரொம்ப நேரம் நிக்க வெச்சா, வேரு புடிச்சுக்கிரும். அந்த நில்லுன்னு சொன்ன ஆளே படத்த எடுத்துட்டா விட்டுரும். வேற யாரு எடுத்தாலும் விடாது.”

நித்திலா செல்போனில் எடுத்துப் பார்த்தாள். விடவில்லை. “அப்பா, அமுக்குங்க,” என்றாள்.

குஞ்சிதபாதம் வானத்தைப் பார்த்தார். “இந்த வெளிச்சத்துலயா?”

“ஏங்க, நான் மரமாகிட்டு இருக்கேன்!”

“புரியுது செண்பகம். அதனாலதான் சொல்றேன். எப்படியும் நின்னாச்சு, எடுக்கறத நல்லதா எடுத்துடலாம்.”

பேச்சியக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த ரகத்தை அவள் நிறையப் பார்த்திருந்தாள். “இந்த மரத்துல எல இருக்க மட்டுந்தேன் நேரம்,” என்றாள். “கடேசி எல விழுந்துச்சுன்னா வேரு இறுகிரும். பெறகு அடுத்த வருசம் எல செவக்கையிலதேன். அந்தா, மேல் வளைவுல பாருங்க.”

பார்த்தார்கள். மேல் வளைவில் சாம்பல் நிற சபாரி சூட் போட்ட ஒருவர் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். தோளில் பாசி படர்ந்திருந்தது. இடுப்பு வரைக்கும் ஊராட்சியில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், இருட்டில் லாரிக்காரர்கள் கண்ணுக்குப் படுவதற்காக. தேனிலவுக்கு வந்த இடத்தில் பெண்டாட்டி நிற்கவைத்ததாம். அந்தப் பெண் இன்னும் வருஷம் தவறாமல் காமிராவோடு வந்து, மஞ்சு விலகட்டும் என்று காத்திருந்து, லீவு முடிந்து போய்விடுகிறதாம். “நல்ல மனுசன். ஒரு தொந்தரவு இல்ல,” என்றாள் பேச்சியக்கா.

செண்பகம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். குஞ்சிதபாதமோ அண்ணாந்து மரத்தைப் பார்த்துவிட்டு, “இலை நிறைய இருக்கே,” என்றார்.

நிறையத்தான் இருந்தன. அந்தத் தைரியத்தில் அவர் பேச்சியக்கா கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, முக்காலிக் கால் மாட்டிய காமிராவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாள் போயிற்று, லீவை நீட்டித்தார், நாற்காலியை விட்டு எழவில்லை. நிற்கிறவள் நான், உட்கார்ந்திருக்கிறவர் அவர் என்று செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேர் பிடித்தவர்களுக்குப் பசி, தூக்கம் என்ற மற்ற உபத்திரவங்கள் கிடையாது. டீ மட்டும் வேண்டியிருக்கும். கோபம் குறைவதில்லை.

கூதக்காட்டு ஜனங்களுக்கு உச்சுக்கொட்டிக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. பூண்டு அறுவடைக் காலம் அது. ஊராட்சித் தலைவர் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, அந்தம்மா ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கிறார், நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்கள். யாரோ மழைக்கு ஒரு உரச்சாக்கை முக்காடுபோலக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டார்கள். மறுநாளே பஸ் டிரைவர், வளைவில் ஆள் நிற்பதைப் பார்த்துப் பிரேக் போட, பிரேக் போட்ட இடத்தில் நாலு பேர் இறங்க, இறங்கின பழக்கத்தில் அதற்கடுத்த நாள் எட்டுப் பேர் இறங்க, வாரம் முடிவதற்குள் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “அக்கா நிக்கிற ஸ்டாப்பெல்லாம் முன்னாடி வா!” என்று கூவ ஆரம்பித்துவிட்டார். அந்த வளைவில் ஒரு ஸ்டாப் கேட்டு எத்தனையோ காலமாக நடையாய் நடந்த ஊர் அது.

ஸ்டாப் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. அவளைச் சுற்றியிருந்த சரிவில் பூண்டைக் காயப்போட்டார்கள். குரங்கு வந்தால் விரட்ட ஆள் வேண்டுமே, அங்கே ஒரு ஆள் எப்படியும் நிற்கிறதே. முதல் நாள் குரங்கு வந்தபோது செண்பகம் வாயைத் திறந்தாள், புருஷன்மேல் இருந்த ஆத்திரம் மொத்தமும் குரங்கின்மேல் போய் விழுந்தது, அந்தக் கூட்டம் அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. விறகு சுமந்து வருகிற பெண்கள் அவளருகில் சுமையை இறக்கி மூச்சு வாங்கினார்கள், மூச்சு வாங்கும்போது மாமியார் கதை பேசினார்கள். அவள் ரயில்வே என்று தெரிந்ததும் ஆந்திராவில் மகனை வைத்திருப்பவர்கள், திருப்பூரில் மகளை வைத்திருப்பவர்கள் எல்லாம் வரிசை கட்டினார்கள். எந்த ஊருக்கு எந்த வண்டி, எங்கே மாறவேண்டும், தட்கல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நின்றபடியே சொன்னாள். வரிசையில் முண்டினால் கவுண்டரில் போடுகிற அதே அதட்டலைப் போட்டாள். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

“இம்புட்டு நாளா நமக்கு ஒரு அக்கா இல்லாமப் போச்சே,” என்று ஒருவர் மனதாரச் சொன்னார். செண்பகத்துக்கு அழுகை வந்தது. யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை, ஒருத்தர் வாயிலும் கெட்ட வார்த்தை இல்லை, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், அந்த அன்பிலேயே அவள் ஒரு மைல்கல்லாகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டுக்குப் போகவேண்டும். தன் நாற்காலியில், தன் ஜன்னலுக்குப் பின்னால், காலை நீட்டி உட்காரவேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இலை உதிர்ந்துகொண்டே வந்தது. நித்திலா கெஞ்சினாள், சண்டை போட்டாள், அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள், நிறுத்தியது அவருக்குத் தெரியாததால் மறுபடி பேசினாள். ஊரில் சிலர் நயமாக எடுத்துச் சொன்னார்கள். “எடுத்துடறேங்க. இதோ,” என்பார். கண்ணைக் காமிராவில் வைப்பார். விரலைப் பொத்தானில் வைப்பார். ஊரே மூச்சைப் பிடிக்கும். “ஒரு மேகம் வருது, அது போகட்டும்,” என்பார்.

மரத்தில் இரண்டே இலை மிச்சமிருந்த ஒரு காலையில், ஊராட்சியிலிருந்து பெரியகருப்பன் என்கிறவர் ஒரு வாளியும் மட்டையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வாளியில் சுண்ணாம்பு. “முன்கூட்டியே பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்கம்மா. கடைசி நேரத்துல அலைய முடியாது பாருங்க,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, “மொழங்கால் வரைக்கும் போதுமா, இடுப்பு வரைக்கும் அடிச்சிரவா?” என்று கேட்டார்.

செண்பகம் அந்த வாளியைப் பார்த்தாள். இத்தனை நாளும் உள்ளே கொதித்தது அப்போதுதான் பொங்கி வழிந்தது.

“ஏங்க! இங்க பாருங்க. காமிராவப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. எனக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்துட்டாங்க. இன்னும் உங்களுக்கு வெளிச்சம் வரலையா? கல்யாணமான நாள்லேருந்து நின்னுட்டிருக்கேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், கால் வலிக்குதான்னு கேட்டிருக்கீங்களா?”

குஞ்சிதபாதம் எழுந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. “இல்ல செண்பகம். உன்ன இதுவரைக்கும் ஒரு படத்துலயும் நான் நல்லா எடுக்கல. எல்லாத்துலயும் யாரோ மாதிரி இருக்கே. ஒரு தடவையாவது உன்ன மாதிரியே எடுத்துடணும்னுதான்...”

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிக்குள் ஒரு இலை விழுந்தது, பாவம் போய்விட்டது.

“என்னை மாதிரி எடுக்கணுமா? இப்ப எடுங்க. கோபமா இருக்கேன், தலையில சாக்கு இருக்கு, மூக்கு ஒழுகுது. இதுதான் நான். எடுங்க!”

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி...”

பெரியகருப்பனுக்கு இந்தக் குடும்பப் பேச்சில் நிற்கச் சங்கடமாக இருந்தது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் குனிந்து, சுண்ணாம்பை மட்டையால் ஒரு கலக்குக் கலக்கினார். நெடி நேராக மேலே ஏறியது. செண்பகம் தும்மினாள். சாதாரணத் தும்மல் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் எதிரொலித்த தும்மல். திடுக்கிட்ட குஞ்சிதபாதத்தின் விரல் பொத்தானில் அமுங்கிவிட்டது.

வேர்கள் பழைய சட்டையில் பட்டன் தெறிப்பதுபோல ஒவ்வொன்றாகத் தெறித்தன. செண்பகம் ஒரு காலைத் தூக்கினாள். இன்னொரு காலைத் தூக்கினாள். செருப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்தாள். ஊர் கை தட்டியது. நித்திலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

குஞ்சிதபாதம் காமிராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ச்சே,” என்றார். “கண்ண மூடிட்டியே செண்பகம். பரவால்ல, இன்னும் ஒரு இலை இருக்கு. ஓடிப்போய் இன்னொரு தடவை...”

கைதட்டல் நின்றுபோயிற்று. பெரியகருப்பன்கூட மட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

செண்பகம் வந்து, முக்காலியிலிருந்த காமிராவைக் கழற்றி நித்திலாவிடம் கொடுத்தாள். அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய், மரத்தடியில், தன் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். தள்ளி வந்தாள். தன் செல்போனை எடுத்தாள்.

“நில்லுங்க,” என்றாள். “அசையாதீங்க. வெளிச்சம் வரட்டும்.”

“என்னையா?” என்றார் குஞ்சிதபாதம். அவரை யாரும் அதுவரை நிற்கச் சொன்னதில்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, தெரிந்துமே அந்த மனிதர் சட்டைக் காலரைச் சரிசெய்தார், கையால் தலையை வாரிக்கொண்டார், லேசாகச் சிரித்தார்.

செண்பகம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாடா என்று முதுகைச் சாய்த்தாள், காலை நீட்டினாள், பாதத்தைத் தடவிவிட்டுக்கொண்டாள். “பேச்சியக்கா, ஒரு டீ,” என்றாள்.

டீ வந்தது. ஆவி பறந்தது. ஊதி ஊதிக் குடித்தாள்.

“செண்பகம், கால்ல குறுகுறுங்குது,” என்றார் குஞ்சிதபாதம்.

“அசையாதீங்க.”

கடைசி இலை காம்பில் ஒரு பக்கம் விட்டு, காற்றில் சுற்றியது. “அம்மா, இலை,” என்றாள் நித்திலா.

“இருடி. சூடா இருக்கு.”

அவளுக்கு நிஜமாகவே ஆசை வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எழுந்து காரில் ஏறிப் போய்விட்டால் ஒரு வருஷம், முழுசாக ஒரு வருஷம் உட்கார்ந்தே இருக்கலாம். ஊர் இவரையும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். தொந்தரவில்லாத மனிதர் என்று பெயர் எடுப்பார். இன்னொரு வாய் குடித்தாள்.

“செண்பகம்,” என்றார் அவர் மறுபடி. குரல் மாறியிருந்தது. “வலிக்குதும்மா. நீ சொன்னியே... எனக்குக் காதுலயே விழல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரத்தடியில் நின்றவருக்கு இப்போது சிரிப்பு இல்லை. அவர் முகத்தில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம், ஆல்பம் ஆல்பமாக அவள் பார்த்துச் சலித்த முகம், எப்போது முடியும் என்று காத்திருக்கிற அவளுடைய முகம். அதை இன்னொருத்தர்மேல் பார்க்க அவளால் முடியவில்லை. இலை காம்பை விட்டது. ஒரு கையில் டீ கிளாஸ் இருக்க, இன்னொரு கையால், எதையும் சரிபார்க்காமல், எந்த வெளிச்சத்துக்கும் காத்திராமல் செண்பகம் அமுக்கிவிட்டாள்.

இலை தரையில் விழும்போது குஞ்சிதபாதம் வெறுங்காலோடு ரோட்டில் நின்று, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியகருப்பன் சுண்ணாம்பு வீணாகக்கூடாதென்று துரைமரத்தின் அடிமரத்துக்கு அடித்துவிட்டுப் போனார். ஸ்டாப் மட்டும் ஸ்டாப்பாகவே இருக்கிறது. அக்கா நிக்கிற ஸ்டாப் என்று கேட்டால் இன்றைக்கும் டிக்கெட் கொடுப்பார்கள்.

செண்பகம் எடுத்த படத்தை நித்திலா பிரேம் போட்டு ஹாலில் மாட்டினாள். அந்த வீட்டில் குஞ்சிதபாதம் இருக்கிற ஒரே படம் அதுதான். கழுத்துக்கு மேல் எதுவும் விழவில்லை. மண்ணுக்குள் போன இரண்டு கால், சரிசெய்த காலர், தோளுக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கிற ஒரு சிவப்பு இலை, அவ்வளவுதான். வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், “நான்தாங்க. அவ எடுத்தது,” என்பார். தலை எங்கே என்று கேட்டால், செண்பகம் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பி, “கால் வலிக்குதா?” என்று கேட்பார். உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்கு எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் காலை நீட்டி, “ஆமா,” என்பாள்.